உளுந்துக்கு ஏன் டாலர்?

ரங்கூன் பேயின்நாவுங் சந்தையில் உளுந்து மூட்டை கைமாறும்போது விலை பர்மிய நாணயமான கியாட்டில் பேசப்படுகிறது. அதே உளுந்து கன்டெய்னரில் ஏறிச் சென்னைக்குப் புறப்பட்டால், டன்னுக்கு இத்தனை டாலர் என்று கணக்கு மாறிவிடுகிறது. விற்பவர் பர்மாவில் இருக்கிறார், வாங்குபவர் தமிழ்நாட்டில் இருக்கிறார். பல நேரம் இருவரும் தமிழிலேயே பேரத்தை முடித்துவிடுகிறார்கள். கியாட்டும் ரூபாயும் இருக்க, நடுவில் அமெரிக்கப் பணத்துக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், செய்திகளில் அடிபடும் ‘அந்நியச் செலாவணிக் கையிருப்பு’, ‘டாலர் தட்டுப்பாடு’, ‘கையிருப்பு நாணயம்’ எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபடும். முதலில் ஒரு கன்டெய்னருக்கான பணம் எப்படி வந்து சேர்கிறது என்று பார்த்துவிடலாம்.

இருபது அடி கன்டெய்னரில் 24 டன் உளுந்து என்று வைத்துக்கொள்வோம். டன் 1,000 டாலர் என்றால் மொத்தம் 24,000 டாலர். சென்னை வியாபாரி தன் வங்கிக்குப் போய் இந்தத் தொகையை அனுப்பச் சொல்கிறார். வங்கி அன்றைய விலைப்படி அவர் கணக்கிலிருந்து ரூபாயைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வங்கிக்கு நியூயார்க்கில் ஒரு பெரிய வங்கியில் டாலர் கணக்கு இருக்கிறது. இதை ‘நாஸ்ட்ரோ’ கணக்கு என்பார்கள். ‘நம்முடையது’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல் அது. பிறர் வீட்டுப் பெட்டியில் இருக்கும் நம் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கை நியூயார்க் வங்கி தன் பக்கத்திலிருந்து ‘வாஸ்ட்ரோ’, அதாவது ‘உங்களுடையது’ என்கிறது.

ரங்கூன் வங்கிக்கு நியூயார்க்கில் நேரடிக் கணக்கு இல்லாமல் இருக்கலாம். அப்போது சிங்கப்பூரில் ஒரு வங்கி இடையில் நிற்கும். சிங்கப்பூர் வங்கிக்கு நியூயார்க்கில் கணக்கு உண்டு, ரங்கூன் வங்கிக்குச் சிங்கப்பூரில் கணக்கு உண்டு. ஆகவே நியூயார்க்கில் சென்னை வங்கியின் கணக்கில் 24,000 குறைகிறது, சிங்கப்பூர் வங்கியின் கணக்கில் 24,000 கூடுகிறது. சிங்கப்பூர் வங்கி அதை ரங்கூன் வங்கியின் பேரில் வரவு வைக்கிறது. ரங்கூன் வங்கி ஏற்றுமதியாளரின் பேரில் வரவு வைக்கிறது. நான்கு பேரேடுகளில் எண்கள் மாறின, அவ்வளவுதான். ஒரு நோட்டும் கடல் தாண்டவில்லை.

ஸ்விஃப்ட் என்ற பெயரை இங்கே எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. இந்த வங்கிகளுக்கு நடுவே தகவலைக் கொண்டுபோகும் தபால்காரர் வேலை அதனுடையது. பணம் அதன் கையில் இல்லை. ‘ஸ்விஃப்ட் போட்டாச்சு’ என்று வாங்குபவர் நகல் அனுப்பினால், கடிதம் கிளம்பிவிட்டது என்று மட்டும் பொருள். பணம் வந்ததா என்பதை உங்கள் வங்கியின் வரவுச் சீட்டுதான் சொல்லும். நகலை நம்பிச் சரக்கின் மூல ஆவணங்களைக் கொடுத்துவிட்டு அல்லாடுவது இந்த வியாபாரத்தில் அடிக்கடி நடக்கும் தவறு.

இந்த வழியில் பணம் எங்கே சிக்குகிறது? சின்னச் சிக்கல் கமிஷன். இடையில் நிற்கும் ஒவ்வொரு வங்கியும் கொஞ்சம் பிடித்துக்கொண்டால் 24,000 அனுப்பியது குறைந்துதான் வந்து சேரும். செலவு முழுவதையும் அனுப்புபவரே ஏற்பதா, இருவரும் பகிர்வதா, பெறுபவர் தலையில் விழுவதா என்பதை அனுப்பும் படிவத்திலேயே குறிக்க இடம் உண்டு. அதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும்.

பெரிய சிக்கல் பெயர்ச் சோதனை. நியூயார்க்கில் உள்ள வங்கி, தன் வழியாகப் போகும் ஒவ்வொரு தகவலிலும் உள்ள பெயர், கப்பல், ஊர் எல்லாவற்றையும் அமெரிக்க அரசின் தடைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பர்மியப் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும். பர்மாவில் உள்ள நம் தமிழர்களுக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. அடையாள அட்டையில் பர்மியப் பெயர், கடைப் பலகையில் தமிழ்ப் பெயர், பில்லில் இரண்டும் கலந்து ஒன்று. பெயர் பொருந்தவில்லை என்றால் பணம் நடுவழியில் நிற்கும். அது ஏன் நின்றது என்று உங்களுக்கு யாரும் தெரிவிக்கப்போவதில்லை. நிறுவனப் பதிவு, வங்கிக் கணக்கு, விலைப்பட்டியல், கப்பல் சரக்குச் சீட்டு ஆகிய நான்கிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் ஒரே பெயர் இருக்கட்டும். கேட்டால் உடனே காட்ட இவற்றின் நகல்களும் கையில் இருக்கட்டும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் டாலர்? கணக்குப் போட்டுப் பாருங்கள். உலகில் 150 நாணயங்கள் என்று கொண்டால், ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் நேரடியாக மாற்ற 11,175 தனித்தனிச் சந்தைகள் வேண்டும். கியாட்டைக் கொடுத்துக் கென்யா ஷில்லிங் வாங்க ஆள் தேடினால் ரங்கூன் முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. எல்லோரும் ஒரு நாணயத்தை நடுவில் வைத்துக்கொண்டால் 149 சந்தைகள் போதும். நடுவில் இருப்பதை எல்லோரும் வாங்குகிறார்கள், எல்லோரும் விற்கிறார்கள், அதனால் அதை மாற்றும் செலவு மிகக் குறைவு. செலவு குறைவு என்பதாலேயே இன்னும் பலர் அதைத் தேடி வருகிறார்கள். சந்தைக்கு ஆள் வருவதால் கடை வருகிறது, கடை இருப்பதால் ஆள் வருகிறது, அது போலத்தான். மத்திய வங்கிகளுக்கான வங்கியான பன்னாட்டுத் தீர்வுகள் வங்கி 2022-இல் எடுத்த கணக்கெடுப்பில், உலக நாணயச் சந்தையில் நடந்த பரிமாற்றங்களில் 88 விழுக்காட்டில் ஒரு பக்கம் டாலர்தான் இருந்தது.

ஒரு காலத்தில் பவுண்டு இந்த இடத்தில் இருந்தது. 1944-இல் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் கூடிய நாடுகள், ஓர் அவுன்ஸ் தங்கம் 35 டாலர் என்று டாலரைத் தங்கத்தோடு கட்டி, மற்ற நாணயங்களை டாலரோடு கட்டின. அந்த ஏற்பாட்டிலேயே ஒரு பழுது இருந்தது. உலக வியாபாரம் வளர வளர, எல்லா நாட்டுக்கும் கூடுதல் டாலர் வேண்டும். அமெரிக்கா வெளியே கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அது கிடைக்கும். அப்படிக் கொடுத்த டாலர், அமெரிக்காவிடம் உள்ள தங்கத்தைவிடப் பல மடங்கு ஆனால் நம்பிக்கை குலையும். ராபர்ட் டிரிஃபின் என்ற பொருளியலாளர் 1960-இலேயே இதை எடுத்துச் சொன்னார். 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் தங்கம் தரும் வாக்கை நிறுத்தினார். கட்டு அறுந்த பிறகும் டாலர் நடுவிலேயே நின்றது, ஏனென்றால் சந்தை அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது.

கையிருப்பு என்றால் எது?

பாடப் புத்தகங்களில் ‘பன்னாட்டு நீர்மை’ என்று எழுதுவார்கள். கடைவீதித் தமிழில் சொன்னால், வேண்டிய நாளில் புரட்டக்கூடிய பணம். ஊரில் பத்து ஏக்கர் நஞ்சை இருக்கும், ஆனால் நாளை காலை மருத்துவமனைக்குக் கட்டப் பத்தாயிரம் இருக்காது. அவர் ஏழை அல்ல, ஆனால் அன்றைக்கு அவர் கையில் ஒன்றும் புரளவில்லை. நாடுகளுக்கும் இதே நிலை வரும். மண்ணுக்கடியில் எரிவாயுவும் மாணிக்கமும் இருக்கலாம். அடுத்த வாரம் வரவேண்டிய டீசல் கப்பலுக்கு அது உதவாது.

ஒரு நாட்டின் கையிருப்பில் வழக்கமாக நான்கு வகை உண்டு: வெளிநாட்டு நாணயத்தில் உள்ள வைப்புகளும் கடன் பத்திரங்களும், தங்கம், பன்னாட்டு நாணய நிதியத்தில் உள்ள இருப்பு நிலை (கேட்டவுடன் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு), அந்த நிதியம் ஒதுக்கும் எஸ்.டி.ஆர் எனப்படும் சிறப்பு எடுப்புரிமை. முதல் வகைதான் பெரும்பகுதி. உலக மத்திய வங்கிகளின் நாணயக் கையிருப்பில் 2024 இறுதியில் ஏறத்தாழ 58 விழுக்காடு டாலர், 20 விழுக்காடு யூரோ. சீன யுவான் 2 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. பெரும்பாலான டாலர் இருப்பு அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களில் இருக்கிறது. அந்தச் சந்தை அவ்வளவு பெரியது. நூறு கோடி டாலர் பத்திரத்தை ஒரே நாளில் விற்றாலும் விலை அசையாது. வேறு எந்த நாட்டுப் பத்திரத்திலும் இந்த வசதி இந்த அளவுக்கு இல்லை. கையிருப்பு நாணயம் ஆவதற்கு ராணுவ பலத்தைவிட, பெரிய பொருளாதாரத்தைவிட, இந்த ஆழம் முக்கியம் என்பது எங்கள் கருத்து. யுவான் பின்தங்கி நிற்பதற்கு இதுவே காரணம்: பணத்தை உள்ளே கொண்டுபோவதும் வெளியே எடுப்பதும் அரசின் அனுமதிக்கு உட்பட்டவை.

எஸ்.டி.ஆர் என்பது கையில் எடுத்துச் செலவழிக்கும் நாணயம் அல்ல. 1969-இல் உருவாக்கப்பட்டது. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஐந்தும் சேர்ந்த ஒரு கூடை அதன் மதிப்பு. தேவைப்படும் நாடு அதை இன்னொரு நாட்டிடம் கொடுத்து உண்மையான நாணயம் பெற்றுக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் ஒரே தவணையில் சுமார் 65,000 கோடி டாலர் மதிப்புக்கு எஸ்.டி.ஆர் ஒதுக்கப்பட்டது.

எவ்வளவு இருந்தால் போதும்? பழைய அளவுகோல், மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான தொகை. இன்னொன்று, ஓராண்டுக்குள் திருப்பவேண்டிய வெளிநாட்டுக் கடனுக்குக் குறையாத தொகை. இரண்டையும் பார்க்க வேண்டும். மாதம் 120 கோடி டாலருக்கு இறக்குமதி செய்யும் நாட்டில் 360 கோடி இருந்தால் முதல் அளவுகோலில் தேறிவிடும். ஆனால் இந்த ஆண்டே 500 கோடி கடன் திரும்பவேண்டியிருந்தால் அந்த 360 கோடி நிற்காது.

அறிவிக்கப்படும் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இலங்கையைப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் அதன் கையிருப்புக் கணக்கில் சீன மத்திய வங்கியோடு செய்துகொண்ட 1,000 கோடி யுவான் பரிமாற்ற ஏற்பாடும் சேர்ந்திருந்தது, மதிப்பு சுமார் 150 கோடி டாலர். மூன்று மாத இறக்குமதிக்கான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. தேவை இல்லாதபோது எடுக்கலாம், தேவைப்படும்போது எடுக்க முடியாது! அந்த ஆண்டு ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிக்கடனைத் திருப்புவதை நிறுத்தியது. மே மாதம், உண்மையில் பயன்படக்கூடியது ஐந்து கோடி டாலருக்கும் குறைவு என்று அதன் நிதியமைச்சரே சொன்னார். இந்தியாவும் 1991-இல் இந்த விளிம்பில் நின்றது. சில வாரத் தேவைக்கு மட்டுமே கையிருப்பு இருந்தபோது, 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் வைத்து 40 கோடி டாலர் புரட்டியது. வீட்டு நகையை அடகு வைப்பதற்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

யாருடைய பேரேடு?

மேலே சொன்ன நாஸ்ட்ரோ கணக்கை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கியின் டாலரும் அதுபோலவே வேறொருவர் பேரேட்டில் உள்ள எண். பேரேட்டின் சொந்தக்காரர் எழுத மறுத்தால் பணம் இருந்தும் இல்லை.

பர்மாவுக்கு இது மூன்று முறை நேர்ந்தது. 2003 ஜூலையில் அமெரிக்கா நிதிச் சேவைகளைத் தடை செய்தபோது டாலர் வழி அடைபட்டு, ஏற்றுமதியாளர்கள் யூரோவிலும் சிங்கப்பூர் டாலரிலும் ஒப்பந்தம் எழுதத் தொடங்கினார்கள். 2021 பிப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின், அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த பர்மாவின் ஏறத்தாழ 100 கோடி டாலரை எடுக்க நடந்த முயற்சி தடுக்கப்பட்டது. 2023 ஜூனில் மியன்மா வெளிநாட்டு வர்த்தக வங்கி, மியன்மா முதலீட்டு வணிக வங்கி ஆகிய இரண்டு அரசு வங்கிகளும் அமெரிக்கத் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இதற்கு முன்பே, 2022 அக்டோபரில், கறுப்புப் பணம் கைமாறுவதைக் கண்காணிக்கும் பன்னாட்டு நிதி நடவடிக்கைக் குழு நாட்டைக் கறுப்புப் பட்டியலில் போட்டிருந்தது. தடை இல்லாத சாதாரண வியாபாரியின் பணத்துக்கும் இதனால் கூடுதல் சோதனை வந்தது. சிறு தொகைக்கு இவ்வளவு ஆவணம் பார்ப்பது லாபமில்லை என்று வெளிநாட்டு வங்கிகள் கணக்கையே மூடிவிடுவதும் உண்டு.

டாலரைப் போல ஒன்றை நாமே அச்சடித்தால் என்ன என்று கேட்கலாம். பர்மாவில் அதுவும் நடந்தது. 1993-இல் மத்திய வங்கி எஃப்.இ.சி எனும் அந்நியச் செலாவணிச் சான்றிதழை வெளியிட்டது. ஒன்று ஒரு டாலருக்குச் சமம் என்று அதன் மேல் சொல்லியிருந்தது. நாட்டு எல்லைக்கு வெளியே யாரும் வாங்காத ஒன்றை, உள்ளேயும் டாலர் விலைக்கு எப்போதும் வாங்குவார்களா? 2013-இல் அது விலக்கப்பட்டது. விலையை ஆணையிட்டு நிறுத்தும் முயற்சி அதற்கும் பழையது. 1977 முதல் ஓர் எஸ்.டி.ஆருக்கு 8.5 கியாட் என்று கட்டியிருந்ததால், டாலர் காகிதத்தில் ஆறு கியாட்டுதான். சந்தையில் அது 2011-இல் 800-ஐ ஒட்டி இருந்தது. 2012 ஏப்ரலில் அந்தக் கட்டை அவிழ்த்து 818-இல் தொடங்கினார்கள்.

பத்தாண்டுக்குப் பிறகு அதே வழி திரும்பியது. 2022 ஏப்ரலில், வரும் அந்நியப் பணத்தை ஒரு வேலை நாளுக்குள் டாலருக்கு 1,850 கியாட் வீதம் மாற்றவேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆகஸ்டில் அது 2,100 ஆனது, ஏற்றுமதியாளர் மாற்றவேண்டிய பங்கு 65 விழுக்காடு என்று தளர்த்தப்பட்டது. நம் 24,000 டாலருக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். சந்தை விலை 3,000 என்று கொண்டால், 15,600 டாலர் 2,100 வீதம் 3 கோடியே 27 லட்சத்து 60 ஆயிரம் கியாட். மீதி 8,400 டாலர் 3,000 வீதம் 2 கோடியே 52 லட்சம். கூட்டினால் 5 கோடியே 79 லட்சத்து 60 ஆயிரம். முழுவதையும் சந்தையில் விற்றிருந்தால் 7 கோடியே 20 லட்சம். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த உளுந்தை விவசாயியிடம் சந்தை விலைக்குத்தானே வாங்கினார்? இந்த நிலையில் விலைப்பட்டியலில் குறைத்து எழுதி மீதியை வெளிநாட்டிலேயே நிறுத்திக்கொள்ளும் ஆசை வருகிறது. அது குற்றம், பிடிபட்டால் உரிமம் போகும். ஆனாலும் இரட்டை விலை இருக்கும் எல்லா நாட்டிலும் இது நடக்கிறது. டாலரைக் கட்டாயமாக வாங்கிச் சேர்க்க நினைத்த விதி, டாலரை வெளியே தள்ளுகிறது. 2024 ஆகஸ்டில் சந்தை விலை 6,000-ஐத் தாண்டியது.

அப்படித் தள்ளப்படும் பணம் போகும் வழிக்கு இன்றும் பர்மிய மொழியில் ‘ஹுண்டி’ என்றுதான் பெயர். நம் உண்டியல்தான் அது. செட்டியார்கள் மொகல் தெருவில் பெட்டியடிக் கடை வைத்திருந்த காலத்தில், ரங்கூனில் கட்டிய பணத்துக்குச் சீட்டு எழுதித் தருவார்கள், காரைக்குடியில் காட்டினால் பணம். காட்டியவுடன் தருவது தர்சனி உண்டியல், நாள் குறித்துத் தருவது தவணை உண்டியல். அப்போது பர்மாவிலும் மதராஸிலும் ஒரே ரூபாய், ஆகவே நாணயம் மாற்றும் கேள்வியே எழவில்லை. போகும் பணமும் வரும் பணமும் பேரேட்டில் கழிந்து, மிச்சத்தை மட்டும் அனுப்பினால் போதும்.

இன்றைய ஹுண்டியும் அதே கழித்தல்தான். மலேசியாவில் வேலை செய்யும் பையன் அங்கே ரிங்கிட் கொடுக்கிறான், இங்கே அவன் அம்மா கையில் கியாட் வருகிறது. அங்கே சேர்ந்த ரிங்கிட்டை, பாமாயில் இறக்கும் வியாபாரி இங்கே கியாட் கொடுத்து வாங்கிக்கொள்கிறார். அந்நியப் பணம் உழைத்துச் சம்பாதிக்கப்பட்டது, செலவும் ஆனது. மத்திய வங்கியின் கையிருப்பில் அது ஒரு நாளும் தென்படவில்லை. நாட்டு மக்களிடம் டாலர் இருப்பதும் நாட்டின் கணக்கில் டாலர் இருப்பதும் வேறு வேறு. ஹுண்டிக்கு ரசீது கிடையாது, ஏமாந்தால் வழக்குப் போட இடமில்லை, சட்டப்படியும் தப்பு.

இப்போது ஆரம்பக் கேள்விக்கு ஒரு மாற்று வழியும் திறந்திருக்கிறது. வெளிநாட்டு வங்கிகள் இந்தியாவில் சிறப்பு ரூபாய் வாஸ்ட்ரோ கணக்கு வைக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஜூலை 11 அன்று அனுமதித்தது. 2024 ஜனவரியில், பர்மாப் பருப்புக்கு பஞ்சாப் நேஷனல் வங்கியில் உள்ள இத்தகைய கணக்கு வழியாகப் பணம் கட்டும்படி இந்திய இறக்குமதியாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். சென்னை வியாபாரி ரூபாய் கட்டுகிறார், அது ரங்கூன் வங்கியின் ரூபாய்க் கணக்கில் சேர்கிறது, ஏற்றுமதியாளருக்கு இங்கே கியாட் கிடைக்கிறது. நியூயார்க் பேரேடு வேண்டியதில்லை.

நல்ல ஏற்பாடு, ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ரூபாய் எந்த வீதத்தில், எந்த நாளின் வீதத்தில் கியாட் ஆகிறது என்பது. அதிகார விலைக்கும் சந்தை விலைக்கும் இடைவெளி இருக்கும்வரை, டாலரில் பட்ட நட்டம் ரூபாயிலும் தொடரும். ஒப்பந்தம் போடும் முன் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு, சேரும் ரூபாயை வைத்து என்ன வாங்குவது என்பது. டாலர் கையில் இருந்தால் இந்தோனேசியாவில் பாமாயில், சிங்கப்பூரில் டீசல் என்று எங்கும் செலவழிக்கலாம். ரூபாய்க்கு இந்தியச் சரக்குதான். இந்தியாவுக்கு எண்ணெய் விற்ற ரஷ்யாவே, கோடிக்கணக்கில் ரூபாய் இந்திய வங்கிகளில் தேங்கிவிட்டது, பயன்படுத்த வழியில்லை என்று 2023 மே மாதம் வெளிப்படையாகச் சொன்னது. தேங்கும் ரூபாயை இந்திய அரசுப் பத்திரத்தில் போட அனுமதி உண்டு. ஆனால் ரங்கூன் வங்கிக்கு வேண்டியது வட்டி அல்ல, ரூபாயை வாங்கிக்கொள்ளும் ஆள். இந்திய மருந்தும் மருந்துக் கச்சாப் பொருளும் இறக்கும் வியாபாரி அந்த ஆளாகலாம். அவருக்கு இந்த வாரம் எவ்வளவு ரூபாய் தேவை என்பதைப் பொறுத்துத்தான், உளுந்து விற்றவருக்குக் கியாட் இந்த வாரம் வருமா அடுத்த மாதம் வருமா என்பது முடிவாகும்.